காந்தத்தில் ஒட்டாத ரவை

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்கள் உணவு மேசைக்கு ஒரு சிறு உலோக உருண்டை வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்தனுப்பிய காட்டு வாத்தின் நெஞ்சுக்கறியை மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டு வறுத்திருந்தோம். எட்டு வயது மகள் இரண்டாவது கவளத்திலேயே முகத்தைச் சுளித்தாள். வாயிலிருந்து எடுத்து அவள் தட்டின் ஓரத்தில் வைத்தது மிளகைவிடச் சிறியதாக, மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தது. பல்லுக்குச் சேதமில்லை. "இதுதான் ரவையா?" என்று கேட்டாள். உப்புமாவுக்கும் துப்பாக்கிக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதைச் சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிட்டோம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் இருப்பது இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில். இல்லினாய் ஆறு இங்கே ஏரிபோல் அகன்று கிடக்கிறது. இலையுதிர் காலத்தின் இறுதியில் வடக்கேயிருந்து இறங்கி வரும் வாத்துகள் இந்த ஆற்றையும் அதையொட்டிய சதுப்புகளையும் நம்பியே தெற்கே போகின்றன. பச்சைத் தலையும் வெள்ளைக் கழுத்து வளையமும் கொண்ட மல்லார்ட் ஆண் வாத்தைப் பூங்காக் குளங்களிலேயே பார்க்கலாம். காட்டுயிரைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம் என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு, வேட்டைக்கு உரிமமும் பருவமும் ஒரு நாளைக்கு இத்தனை பறவை என்ற கணக்கும் உள்ள ஊர் பழகச் சில ஆண்டுகள் ஆயின. பெரியவரின் வாத்துகளே எங்களைப் பழக்கின என்று சொல்லவேண்டும். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பறவைகளைத் தோலுரித்துச் சுத்தம் செய்து, பனிக்கட்டி இட்ட வாளியில் வைத்து அவரே கொண்டுவந்து தருவார்.

அன்றிரவு அந்த உருண்டையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருந்த காந்தத்தின் அருகே கொண்டுசென்றோம். நீர்ப்பறவை வேட்டையில் காரீய ரவைக்கு அமெரிக்கா முழுவதும் தடை இருப்பதும், பெரும்பாலோர் எஃகு ரவையே பயன்படுத்துவதும் எங்களுக்குத் தெரியும். எஃகு என்று சொன்னாலும் அது மென்மையான இரும்புதான். நம் ஊர்ப் பட்டறைகளில் பால்ரஸ் என்பார்களே, அதன் எளிய உறவினன். காந்தம் கண்டால் துள்ளி ஒட்டவேண்டும். எங்கள் உருண்டை அசையவில்லை. காந்தத்தை மாற்றிப் பார்த்தோம். அப்போதும் அசையவில்லை.

குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கண்டறியப்படவில்லை என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட செய்தி. அந்த ஒரு வரி எங்கள் உறக்கத்தைக் கெடுத்தது. மூன்று ஆண்டுகளாக இந்த வீட்டில் அந்த வாத்துக்கறியை உண்டிருக்கிறோம். ரவையில் சில கறிக்குள்ளேயே சிதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தால் என்ன செய்வது? இதைவிட உறுத்தியது மற்றொன்று. நாங்கள் மதிக்கும் ஒரு மனிதர் யாருக்கும் தெரியாது என்று பழைய காரீயத் தோட்டாக்களைச் செலவழித்துக்கொண்டிருக்கிறாரா?

காரீயத்தின் கதையை அந்த இரவில் படித்துத் தெரிந்துகொண்டோம். வாத்துக்குப் பல் இல்லை. விதைகளை அரைப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கி, தசைக் கட்டுள்ள அரைவைப்பையில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சதுப்பின் அடியில் கிடக்கும் ரவை அதற்குக் கல்லாகவோ விதையாகவோ தோன்றுகிறது. அரைவைப்பை அதை அரைக்கிறது, அமிலம் கரைக்கிறது, காரீயம் இரத்தத்தில் ஏறுகிறது. குடல் செயலிழந்து, உண்ட உணவு இறங்காமல் தொண்டைப்பகுதியிலேயே தேங்க, வயிறு நிரம்பியிருந்தும் பறவை பட்டினியால் மெலிகிறது. இறக்கைகள் கூரைபோல் தொங்கிவிடுகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் புதர்களுக்குள் ஒதுங்கி இறந்துபோகிறது. அதை நரியும் கழுகும் தின்றுவிடுவதால் மனிதர் கண்ணில் பிணம் படுவது அரிது. தின்ற கழுகுக்கும் நஞ்சு ஏறுகிறது.

இதை 1894லேயே ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் ஒரு வேட்டை இதழில் எழுதிவிட்டார். கணக்கெடுத்துக் காட்டியவர் ஃபிராங்க் பெல்ரோஸ். அவர் பணியாற்றிய ஆய்வு நிலையம் எங்கள் ஊரிலிருந்து சுமார் 40 மைல் தெற்கே, இதே ஆற்றங்கரையில், கியூபாவின் தலைநகர்ப் பெயரையே தாங்கிய ஹவானா என்ற சிற்றூரில் இருக்கிறது. பல்லாயிரம் வாத்துகளின் அரைவைப்பைகளை ஆராய்ந்து 1959இல் அவர் வெளியிட்ட முடிவு, வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுதோறும் சுமார் 2 முதல் 3 விழுக்காடு காரீய நஞ்சால் மடிகின்றன என்பது. சுடப்படாமலே துப்பாக்கியால் இறந்த பறவைகள் அவை.

அதன்பின் தடை வர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1986இல் தொடங்கிப் படிப்படியாக விரிந்து, 1991இல் நாடு முழுவதுக்கும் ஆனது. இடையில் வேட்டைக்காரர் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். எஃகு இலேசானது, கொல்லாது, காயப்படுத்தி விட்டுவிடும், துப்பாக்கியின் குழலைக் கீறிவிடும் என்பவை அவர்களுடைய வாதங்கள். எல்லாமே வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாதவை.

மறுநாள் வேலியருகே பெரியவர் எங்களைப் பார்த்து, வாத்து எப்படி இருந்தது என்று கேட்டார். மிக நன்றாக இருந்தது என்று சொன்னோம். சொல்லி முடித்ததுமே வெட்கமாக இருந்தது. அதன்பின் இரண்டு நாள் எங்களுக்குள் ஒரே விவாதம். நேரே கேட்டால் சட்டத்தை மீறினீர்களா என்று கேட்பதற்குச் சமம். கேட்காமல் இருந்துவிட்டு அடுத்த முறை வரும் வாளியை வாங்கிக் குப்பையில் கொட்டினால் அது அதைவிடக் கீழான செயல். கடைசியில் அந்த உருண்டையை ஒரு தீப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம்.

அவர் கோபப்படவில்லை. தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். "காந்தம் வைத்துப் பார்த்தீர்களா?" என்றார். ஆமாம் என்றோம். எங்களைக் கார் நிறுத்தும் கொட்டகைக்கு அழைத்துச் சென்று, பட்டறை மேசையின் இரும்புப் பிடிப்பான்மீது உருண்டையை வைத்து, சுத்தியலால் ஓங்கி ஒன்று போட்டார். அது நொறுங்கி, பளபளக்கும் சில்லுகளாகச் சிதறியது. "காரீயமாக இருந்தால் அப்பளம்போல் தட்டையாகியிருக்கும்" என்று அவர் சொன்னதை நாங்கள் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அப்பளம் எங்கள் சேர்க்கை. நொறுங்கியது பிஸ்மத். காரீயத்துக்கு மிக அருகில் நிற்கும் கனத்த உலோகம், ஆனால் பறவைகளுக்கு நஞ்சில்லாதது என்று அரசால் ஏற்கப்பட்டது. தனியே மிகவும் நொறுங்கும் இயல்புடையது என்பதால் வெள்ளீயம் சேர்த்து உருக்குகிறார்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் பயன்படுத்திய அதே வெள்ளீயம்.

எல்லாரும் எஃகு வாங்கும்போது இவருக்கு மட்டும் ஏன் பல மடங்கு விலையுள்ள பிஸ்மத்? சுவரில் தொங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கியைக் காட்டினார். இரண்டாம் உலகப் போருக்கு முன் அவருடைய தந்தை வாங்கியது. அந்தக் காலத்துக் குழல்கள் மென்மையான காரீயத்தை எண்ணிச் செய்யப்பட்டவை. குழலின் வாயருகே 'சோக்' என்ற ஒடுக்கம் உண்டு. சிதறும் ரவைகளை நெருக்கி அனுப்புவது அதன் வேலை. காரீயம் நெருங்கும்போது நசுங்கி வழிவிடும். எஃகு நசுங்காது, குழலைக் கீறும், ஒடுக்கத்தைப் புடைக்கச் செய்துவிடும். எனவே மற்ற நாட்களில் புதிய துப்பாக்கியும் எஃகுமாகப் போகிறவர், பருவத்தின் முதல் நாள் மட்டும் தந்தையின் துப்பாக்கியைப் பிஸ்மத் தோட்டாக்களோடு எடுத்துச் செல்கிறார். எங்களுக்கு வந்தது அந்த முதல் நாளின் வாத்து.

தோட்டாப் பெட்டிகளை மேசைமீது பரப்பி அவர் அன்று நடத்திய பாடத்தை முடிந்தவரை இங்கே தருகிறோம். ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் 11.3 கிராம், எஃகு 7.9 கிராம், பிஸ்மத் கலவை 9.6 கிராமுக்கு அருகில். அதே அளவு உருண்டையில் எஃகின் எடை காரீயத்தில் 70 விழுக்காடுதான். இலேசான உருண்டை காற்றில் விரைவாக வேகம் இழக்கும். இதை ஈடுகட்ட இரண்டு எண் பெரிய ரவையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ரவையின் எண் குறையக் குறைய உருண்டை பெரிதாகும். காரீயத்தில் 4ஆம் எண்ணால், அதாவது 3.3 மில்லிமீட்டர் ரவையால், மல்லார்டைச் சுட்டவர் எஃகில் 2ஆம் எண்ணுக்கு, 3.8 மில்லிமீட்டருக்குப் போகவேண்டும். அப்போது இரண்டின் எடையும் ஏறக்குறையச் சமமாகிவிடும். எஃகு நசுங்காமல் உருண்டையாகவே பறப்பதால் சிதறலும் குறைவு. குறைந்த ஒடுக்கமே போதும். காரீயத்தைவிடக் கனமான டங்ஸ்டன் ரவையும் உண்டு. மிகச் சிறிய உருண்டையே நெடுந்தூரம் போய் வேலையை முடிக்கும். அதன் விலையைச் சொல்லி அவரே சிரித்தார்.

அந்தத் துப்பாக்கியை 12 போர் என்கிறோமே, அந்த எண்ணின் பொருளையும் அன்றுதான் அறிந்தோம். குழலின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் காரீயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதே அது. காரீயத்தை விலக்கிய பிறகும் துப்பாக்கியை அளக்கும் கோல் காரீயமாகவே இருக்கிறது.

"கடையில் எல்லாரும் எது கொல்லும் என்று கேட்கிறார்கள். தவறிய ரவை என்ன செய்யும் என்றும் கேட்கவேண்டும்" என்றார் அவர். ஒரு தோட்டாவிலிருந்து வெளிவரும் 150 சொச்சம் ரவைகளில், நன்றாகச் சுட்டாலும், பறவைமேல் படுவது ஐந்தோ ஆறோதான். மீதி அனைத்தும் தண்ணீருக்குள். பிறகு அவர் ஒரு கணக்குச் சொன்னார். அவரும் தந்தையும் 1960களிலிருந்து எஃகு வரும்வரை 25 பருவங்கள் ஒரே ஏரியில் சுட்டார்கள். பருவத்துக்கு பத்துப் பெட்டி, பெட்டிக்கு 25 தோட்டா, தோட்டாவுக்கு 169 காரீய ரவை. பெருக்கினால் பத்து லட்சத்துக்கு மேல் வருகிறது. ஒரு குளிர்கால இரவில் தாளில் போட்டுப் பார்த்தாராம். தந்தை எஃகைக் கடைசிவரை ஏற்கவில்லை. "அவர் மோசமான மனிதர் அல்லர். செத்த வாத்து ஒன்றையும் அவர் கண்டதில்லை" என்று மட்டும் சொல்லி, பெட்டிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

எஃகு எல்லாக் குற்றத்தையும் கழுவிவிடுவதில்லை. தூரம் கூடக் கூட அது காயப்படுத்தும் அபாயமும் கூடுகிறது. காயம்பட்டுப் பறந்துபோன வாத்தும் கண்காணாத இடத்தில்தான் சாகிறது. ஆகவே எஃகு தன்னைக் காத்திருக்கப் பழக்கியது என்றார் பெரியவர். 35 கஜத்துக்கு அப்பால் அவர் சுடுவதில்லை. பெட்டியில் அச்சிட்ட எந்த வேகமும் அந்தத் தூரத்தை நீட்டிவிடாது என்பது அவர் கட்சி. தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் பாதி கடையிலும் மறு பாதி சதுப்பிலும் நடக்கிறது என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

தடையின் பயனையும் அளந்திருக்கிறார்கள். மிசிசிப்பி வழித்தடத்து வாத்துகளை 1996, 1997ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்து 2000இல் வெளியான ஆய்வு, மல்லார்டுகளிடையே காரீயச் சாவு 64 விழுக்காடு குறைந்தது என்றும், 1997இல் மட்டும் கண்டமெங்கும் சுமார் 14 லட்சம் வாத்துகள் தப்பின என்றும் மதிப்பிட்டது. தப்பியவற்றையும் எவரும் கண்ணால் கண்டதில்லை. கலிபோர்னியா 2019இல் எல்லா வேட்டைக்கும் காரீயத்தை விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியில் ஈரநிலங்களிலும் அவற்றின் அருகிலும் காரீய ரவைக்குத் தடை கொண்டுவந்தது. அமெரிக்காவின் பல பகுதிகளில் முயலுக்கும் புறாவுக்கும் காரீயம் இன்னும் சட்டப்படி சுடப்படுகிறது.

அடுத்த வாரம் பெரியவர் எங்களைத் தம் மறைவிடத்துக்கு அழைத்துச் சென்றார். விடியலுக்கு முந்தைய குளிரில், மிதக்கும் போலி வாத்துகளைப் பார்த்தபடி நாணற்கட்டுகளுக்குள் ஒடுங்கி நின்றோம். வெளிச்சம் வந்தபின் ஐந்து மல்லார்டுகள் எங்கள் தலைக்கு மேல் வட்டமிட்டன. எங்கள் கண்ணுக்கு அவை மிக அருகில்தான் இருந்தன. அவர் துப்பாக்கியைத் தூக்கவில்லை. மூன்றாவது வட்டத்தில் அவை விலகி ஆற்றை நோக்கிப் போய்விட்டன. "ஐம்பது கஜம்" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் குடுவையிலிருந்து காப்பியை ஊற்றினார். அன்று எங்களுக்கு வாத்து கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில், முதல் நாள் வேலியருகே நாங்கள் சொன்னது பொய் என்பதை ஒப்புக்கொண்டோம். வாத்து நன்றாகத்தான் இருந்தது, எங்களால்தான் உண்ண முடியவில்லை என்றோம். அவர் தலையசைத்தார். இப்போதெல்லாம் அவருடைய வாளி வந்ததும் கறியைக் கழுவும் முன் விரல்களால் தடவிப் பார்க்கிறோம். மகள் காந்தத்தோடு வந்து நிற்கிறாள். ஒட்டவில்லையென்றால் சுத்தியலை எடுத்து வருகிறாள்.