விலாசமும் புள்ளியும்

கடித உறையில் நாம் எழுதும் விலாசத்தைத் தபாற்காரர் வெறும் எழுத்தாகப் படிப்பதில்லை. இலக்கம் பிழைத்திருப்பினும் பெயரைக் கண்டு வீட்டை அறிவார். வீதியின் பெயர் மாறியிருப்பினும் பழைய பெயரை நினைவில் வைத்திருப்பார். இக்காலத்திலோ விலாசத்தைக் கணினியும் படிக்கிறது. படித்துத் தேசப்படத்தில் ஒரு புள்ளியை இடுகிறது. அப்புள்ளியை எவ்வளவுக்கு நம்பலாம்?

வீட்டுக்கு வீடு அளந்த பதிவு இருக்குமாயின் புள்ளி வாசலிலேயே விழும். அஃது இல்லாதவிடத்துக் கணினி கணக்கிடத் தொடங்கும். 400 மீற்றர் நீளமான வீதியொன்றின் ஒரு பக்கத்தில் 1 முதல் 99 வரையுள்ள ஒற்றை இலக்கங்கள் இருப்பின், 49ஆம் இலக்கம் ஏறக்குறைய 200 மீற்றரில் இருக்குமென்று கொள்ளும். எல்லா வளவுகளும் ஒரே அகலமுடையன என்ற எண்ணமே இதற்கு ஆதாரம். வீதியின் பாதியைக் கோயில் வளவு ஒன்றே பிடித்திருந்தால் கணக்குப் பிழைத்துவிடும். வீதியே அகப்படாவிட்டால் ஊரின் நடுவிலே புள்ளியைக் குத்திவிட்டு ஓய்ந்துவிடும். இம்மூன்று புள்ளிகளும் பார்வைக்கு ஒன்றே. உண்மையில் ஒன்று வாசல், ஒன்று ஊகம், ஒன்று கைவிரிப்பு.

1805இல் பாரிஸ் நகரில் வீடுகளுக்கு இலக்கமிட்டபோது, ஒற்றை எண்களை ஒரு பக்கத்திலும் இரட்டை எண்களை மறு பக்கத்திலும் வைத்தனர். செயின் நதிக்குக் குறுக்காகச் செல்லும் வீதிகளில் எண்கள் நதிப்பக்கத்திலிருந்தே தொடங்கும். அத்தகைய ஒழுங்கு உள்ள இடத்தில் கணக்கு ஓரளவு பொருந்தும். நம் நாட்டிலோ காணி பிரியும்போது 12ஆம் இலக்கம் 12/1, 12/2 எனப் பெருகி, ஒழுங்கைக்குள் நெடுந்தூரம் சென்றுவிடுகிறது. கோயில் வீதி என்ற பெயரோ எத்தனையோ ஊர்களில் உண்டு. கொழும்பில் ஆர். ஏ. டி மெல் மாவத்தை என்று எழுதப்படுவதை மக்கள் இன்றும் டூப்ளிகேஷன் வீதி என்றே வழங்குவர்.

அண்மையில் எம் மாணவரிடம், பெற்றோரின் கைத்தொலைபேசியில் வீட்டு விலாசத்தை இட்டு, புள்ளி எங்கே விழுகிறதென்று பார்த்து வரும்படி கூறினோம். மறுநாள் ஒருவனுடைய வீடு குளத்தின் நடுவே இருந்ததாம், இன்னொருவனுடையது சந்தைக்குள்ளே. வகுப்பில் ஒரே சிரிப்பு. ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. "அம்மம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்த இரவு, கூப்பிட்ட வாகனம் அடுத்த ஒழுங்கையிலை போய் நிண்டது, சேர். அப்பா டோர்ச் லைட்டோடை ஓடிப்போய்த்தான் கூட்டி வந்தவர்" என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

தனி வீட்டுக்கு நேர்வது ஊருக்கும் நேரலாம். 1854இல் இலண்டனின் சோகோப் பகுதியில் வாந்திபேதி பரவியபோது, டாக்டர் ஜோன் ஸ்னோ இறந்தோர் விவரங்களை விசாரித்து, அவர்தம் வீடுகளைத் தேசப்படத்தில் குறித்தார். குறிகள் புரோட் வீதியிலிருந்த பொதுப் பம்பியைச் சூழ்ந்து நின்றன. நோய் நீரினால் பரவுகிறதென்ற அவர் கருத்து வலுப்பெற்றது. எல்லாக் குறிகளையும் ஊர் நடுவிலே இட்டிருந்தால் அப்பம்பியைக் கண்டிருக்க முடியுமா?

இலங்கையில் 2017ஆம் ஆண்டு மாத்திரம் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். டெங்கு நுளம்பு பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே திரியும். ஆதலால் புள்ளி அரை மைல் விலகினால், நீர் தேங்கிய சிரட்டையும் ரயரும் தேடுவோர் கண்ணில் படாமலே போய்விடும். நோயாளி தங்கியிருந்த வீட்டை விட்டு உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தாலும் அதே கதிதான். புள்ளி சரி, வீடு பிழை.

ஆகவே தேசப்படம் ஆக்குவோர், ஒவ்வொரு புள்ளியும் அளந்து பெற்றதா, ஊகித்து இட்டதா என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். எமக்கும் கடமையுண்டு. ஒழுங்கையின் வாயிலில் இலக்கத்தைத் தெளிவாகப் பொறித்து வைப்போம். விலாசத்தைச் சுருக்காமல் எழுதுவோம். அருகிலுள்ள கோயிலையும் சந்தியையும் சொல்லி வழிகாட்டப் பிள்ளைகளைப் பழக்குவோம். நள்ளிரவில் உதவிக்கு வருபவர் நம் ஊரை அறியாதவராகவும் இருக்கலாம் அன்றோ?