‘அவன்’ என்று எழுதியது யார்?

‘ஒரு சொல் வெல்லும், ஒரு சொல் கொல்லும்’ என்பர் பெரியோர். வெல்லவும் கொல்லவும் பெரிய சொல் வேண்டும் என்பதில்லை. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துள்ள ‘ஹீ’ என்னும் சிறு சொல்லே போதும் என்பதை இவ்வாண்டு நாங்கள் அனுபவத்தில் அறிந்தோம். அந்த அனுபவத்தையே இங்கு எழுதத் துணிந்தோம்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, ‘ஸ்கிராட்ச்’ என்னும் மென்பொருளின் உதவியால் கணினி விளையாட்டு ஒன்றைத் தயாரித்தோம். கதை எளியது. ஓர் ஊரில் கடைமடை வயல்கள் காய்கின்றன. ஏரி மதகோ பூட்டிக் கிடக்கிறது. நான்கு சாவிகளைத் தேடிக் கண்டுபிடித்து மதகைத் திறந்தால் ஊர் பிழைக்கும். வெயிலுக்குத் தலையில் துண்டைப் போர்த்திய ஒரு சிறு உருவத்தை நாயகராக வரைந்தோம். அது ஆணா பெண்ணா என்பது படத்தில் தெரியாது. திரையில் வரும் வாசகங்களை ஆங்கிலத்தில் எழுதினோம்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பு, ஆறாம் வகுப்புச் சிறுமியரை அழைத்து விளையாடிப் பார்க்கச் சொன்னோம். அவர்களுள் ஒருத்தி இருபதே நிமிடத்தில் நான்கு சாவிகளையும் கண்டுபிடித்துவிட்டாள். மதகு திறந்தது, தண்ணீர் பாய்ந்தது, ‘ஹீ ஹேஸ் சேவ்ட் தி வில்லேஜ்’ என்ற வாசகம் திரையில் ஒளிர்ந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினர். அவள் மட்டும் தட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அக்கா, சாவியெல்லாம் நான்தானே கண்டுபிடிச்சேன்? கடைசியில வேற யாரையோ பாராட்டுதே?” என்று கேட்டாள்.

எங்களிடம் பதில் இல்லை. அன்று மாலை வாசகங்களை எண்ணிப் பார்த்தோம். முப்பத்தொரு இடங்களில் ‘ஹீ’ இருந்தது. இது பெண்கள் பள்ளி. எழுதிய அறுவரும் பெண்கள். அந்த அறையில் ஓர் ஆண்பிள்ளைகூட இல்லை. நாயகர் ஆண்தான் என்று எங்களில் யாரும் முடிவு செய்ததாகவும் நினைவில்லை. அப்படியாயின் ‘அவன்’ என்று எழுதியது யார்? எங்கள் கைதான் எழுதியது. பிறரைக் குறை சொல்ல வழியில்லாத குற்றம் அது.

இந்தத் தவற்றைச் செய்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர் என்பது பின்னர்த் தெரிந்தது. ஜப்பான் நாட்டு நிண்டெண்டோ நிறுவனம் 1986-ஆம் ஆண்டில் ‘மெட்ராய்டு’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் ஆங்கிலக் கையேடு, கவசமணிந்த வீரரை ‘ஹீ’ என்றே குறிப்பிட்டது. விரைவாக விளையாடி முடித்தவர்களுக்கு இறுதியில் கவசம் நீங்கியது. உள்ளே இருந்தது ஒரு பெண்! பலரும் வியந்தனராம். புகழ்பெற்ற ‘போக்கிமான்’ வரிசையிலும் பெண் உருவில் விளையாடும் வாய்ப்பு 2000-ஆம் ஆண்டில் வந்த ‘கிரிஸ்டல்’ பதிப்பில்தான் முதன்முதலாகக் கிடைத்தது.

சரி, திருத்துவது எப்படி? முப்பத்தொரு இடங்களிலும் ‘ஷீ’ என்று மாற்றலாம் என்றாள் ஒருத்தி. “நம் தம்பிகளும் அப்பாக்களும் கண்காட்சிக்கு வருவார்களே, அப்போது அவர்கள் இதே கேள்வியைக் கேட்பார்களே” என்றாள் மற்றொருத்தி. மூன்றாமவள், இருபாலுக்கும் பொதுவான ‘தே’ என்னும் சொல்லை இடலாம் என்றாள். 2015-ல் வெளிவந்த ‘அண்டர்டேல்’ என்னும் விளையாட்டில் நாயகராக வரும் குழந்தையைத் ‘தே’ என்றே சொல்கிறார்கள் என்று சான்றும் காட்டினாள்.

ஆங்கிலம் கற்பிக்கும் சிஸ்டரிடம் சென்றோம். “ஒருவரைக் குறிக்கப் பன்மைச் சொல்லா? பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் போய்விடும்” என்றார்கள். ஆனால் அத்துடன் எங்களை அனுப்பிவிடவில்லை. “நூலகத்தில் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்” என்றார்கள்.

தேடினோம். ஒருவரைக் குறிக்கும் ‘தே’ புதுமையன்று. 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் அவ்வாறு எழுதியிருக்கிறார்கள். ‘ஹீ’ என்பதே இருபாலுக்கும் போதும் என்று விதித்தவர்கள் பிற்கால இலக்கண நூலார். சட்டமும் அவ்வழியே சென்றது. எங்களுள் ஒருத்தியின் தந்தையார் வழக்கறிஞர். நம் நாட்டில் 1897-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ‘ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்’ என்னும் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, ஆண்பாற் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்று கூறுவதை அவர் எடுத்துக்காட்டினார். 2019-ஆம் ஆண்டிலோ, அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘தே’ என்பதையே அவ்வாண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

‘யூ’ என்ற சொல்லும் ஒரு காலத்தில் பன்மையாக இருந்ததுதான். ஒருவரை அழைக்கத் ‘தௌ’ என்பர். ஆங்கில செபங்களில் அதை இன்றும் சொல்கிறோம். பன்மையான ‘யூ’ ஒருமைக்கும் வந்துவிட்டதே என்று இன்று யாரும் வருந்துவதில்லை அன்றோ? இதைச் சொன்னதும் சிஸ்டர் சிரித்துவிட்டார்கள். “வகுப்பில் யாரோ குடையை மறந்து வைத்துவிட்டுப் போனால், ‘தெயர் அம்ப்ரெல்லா’ என்றுதான் நானும் சொல்கிறேன். இத்தனை நாள் கவனிக்கவில்லை” என்றார்கள்.

எங்கள் தமிழாசிரியை கூறியது இன்னும் வியப்பாக இருந்தது. ‘ஒருவர்’ என்னும் சொல் ஆண், பெண் இருபாலுக்கும் உரியது. அது பன்மை வினையையே ஏற்கும் என்று தொல்காப்பியர் அன்றே சொல்லியிருக்கிறாராம். ஒருவரைப் பன்மையால் கூறுவது உலக வழக்கில் உயர்த்திச் சொல்லும் முறை, இலக்கண நெறி அன்று என்றும் அவரே கூறுகிறாராம். நம் சிஸ்டரும் தொல்காப்பியரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள் என்று நாங்கள் மகிழ்ந்தோம். ‘அவர் வந்தார்’ என்று நாம் நாள்தோறும் சொல்லும்போது, வந்தவர் ஆணா பெண்ணா என்று மொழி கேட்பதில்லை. இந்தச் செல்வம் கையிலிருந்தும் அதன் அருமையை நாங்கள் அறியாதிருந்தோம்.

பிறகு வேலையைத் தொடங்கினோம். ‘ஹீ’ இருந்த இடமெல்லாம் ‘தே’ வருமாறு கணினிக்குக் கட்டளையிட்டோம். உடனே ‘தே ஹேஸ்’ என்று திரை உளறியது! பெயருக்குப் பதிலாக வரும் சொல்லை மாற்றினால் வினையையும் மாற்ற வேண்டும் என்பதை மறந்திருந்தோம். ‘ஷீ’ என்று மாற்றும்போது வேறொரு சிக்கல். ‘ஹிம்’, ‘ஹிஸ்’ என்ற இரண்டு சொற்களுக்கும் பெண்பாலில் ‘ஹெர்’ என்ற ஒரே சொல்தான். ‘ஹெர்’ என்று எழுதிய இடத்தை ஆண்பாலுக்கு மாற்றச் சொன்னால் இரண்டில் எதை இடுவது என்று கணினிக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் நாங்களே படித்து, எந்த இடத்தில் எந்த வடிவம் வரவேண்டும் என்று குறித்தோம். மூன்று மாலைகள் கழிந்தன.

அப்போது எங்களுள் எப்போதும் அமைதியாக இருப்பவள் ஒரு கேள்வி எழுப்பினாள். “எல்லோருக்கும் ‘தே’ என்று போட்டுவிட்டால் போதுமா? அந்தத் தங்கை தன்னைப் பொதுவாகச் சொல்லச் சொல்லி அழவில்லையே. ‘இவள்தான் செய்தாள்’ என்று சொல்லத்தானே ஏங்கினாள்? இவ்வளவு காலம் கவசத்துக்குள் இருந்த பெண் வெளியே வந்ததும், பொதுச்சொல் என்னும் இன்னொரு கவசத்தைப் போடுவதா?” என்றாள். எங்களில் சிலருக்கு அது சரியாகப்பட்டது, சிலருக்கு இல்லை. ஓர் இடைவேளை முழுவதும் வாதிட்டோம். முடிவில் எங்களுக்குத் தெளிவானது இதுதான்: எதிரே இருப்பவர் யாரென்று தெரியாதபோது பொதுச்சொல்லே மரியாதை. தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது, கேட்டு அறிவதே அதனினும் பெரிய மரியாதை.

ஆகவே விளையாட்டின் தொடக்கத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தோம்: ‘ஊரார் உங்களை எவ்வாறு சொல்ல வேண்டும்?’ அதன் கீழே ஹீ, ஷீ, தே என மூன்று பொத்தான்கள். ‘தி சிம்ஸ் 4’ என்னும் பெரிய விளையாட்டிலும் 2022 முதல் இத்தகைய வசதி உண்டு. மூன்றாவது பொத்தான் எதற்கு என்று சிலர் கேட்டனர். ஆண், பெண் என்ற இரண்டில் அடங்காதவர்களை மூன்றாம் பாலினத்தவராக நம் உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டுள்ளது. நாடு இடமளித்தவர்களுக்கு எங்கள் சிறிய திரையில் இடமில்லை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

கண்காட்சி நாளும் வந்தது. தந்தையர் சிலர் ‘ஹீ’யை அழுத்தி விளையாடி, மூன்றாம் சாவியிலேயே தோற்றனர். வந்தவர்களுள் ஒருவர் மூன்றாவது பொத்தானை அழுத்தி, ஒன்றும் பேசாமல் இறுதிவரை விளையாடிவிட்டு, எங்களைப் பார்த்துத் தலையசைத்துச் சென்றார். காரணத்தை நாங்கள் கேட்கவில்லை.

மாலையில் அந்த ஆறாம் வகுப்புச் சிறுமி தன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். சாவிகள் இருக்குமிடம் அவளுக்கு முன்பே தெரியும். ஐந்தே நிமிடத்தில் மதகைத் திறந்தாள். ‘ஷீ ஹேஸ் சேவ்ட் தி வில்லேஜ்’ என்று திரையில் வந்தது. “அம்மா, இது நான்!” என்றாள். இம்முறை அவளும் கை தட்டினாள்.

நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். ஆயிரம் ஆடுகள் இருந்தாலும் எதையும் அவர் ஏதோ ஒன்றாக எண்ணுவதில்லை. அன்புத் தோழியரே, நாளை நம்மில் பலர் கதை எழுதலாம், சட்டம் எழுதலாம், கணினிக்குக் கட்டளை எழுதலாம். எழுதும் முன் ஒரு நொடி நின்று, படிப்பவர் யார் என்று நினைத்துப் பார்ப்போமாக. நாங்கள் நினையாமல் எழுதிய ஓர் எளிய சொல், ஒரு சிறுமியின் வெற்றியை ஒரு வாரம் அவளிடமிருந்து பறித்து வைத்திருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க வாய்ப்பளித்த இறைவனுக்கு எங்கள் நன்றி.

பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு மாணவி