கோபுரத்தைப் பார்த்து எழுதப் பழகுகிறோம்

  பாலாலயம் முடிந்து திருப்பணி வேலை ஓடிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் ஒரு உதவி கேட்கப் போகிறோம்.

கும்பாபிஷேக மலர் வேலையை இந்த முறை எங்கள் தொண்டர் குழுவிடம் கொடுத்திருக்கிறார்கள். மலர் எப்படி இருக்கும்னு நமக்கே தெரியும். தலைவர் உரை, செயலாளர் உரை, வாழ்த்துச் செய்திகள், அப்புறம் பக்கம் பக்கமாக விளம்பரம். சிற்பங்களைப் பற்றி ஒரே ஒரு பாரா வரும், அதிலும் "கண்ணைக் கவரும் வண்ணம் அமைந்துள்ளன" என்று முடிந்துவிடும். எந்தச் சிற்பம், எங்கே நிற்குது, என்ன செய்யுது, ஒன்றும் இருக்காது. முந்தைய திருப்பணியில் இறக்கிய குதிரை வீரனை ஞாபகம் இருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு தாத்தா வெள்ளைக் குதிரை என்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி கறுப்புக் குதிரைதான் என்று அடித்துச் சொல்கிறார். முழுசாகத் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. எழுதி வைத்ததும் இல்லை.

அதனால்தான் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு எங்களுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறார். குழுவில் ஒன்பது பேர். லாரி ஓட்டுகிறவர், ஃபாக்டரியில் லைன் பார்க்கிறவர்கள், படிவம் 4, 5 படிக்கிற பிள்ளைகள். வருணனை, கருத்து விளக்கம், விவாதம் என்று பள்ளியில் படித்த அதே வகைகள்தான். பள்ளியில் கடற்கரைக் காட்சியை வருணித்தோம், இங்கே கண்ணெதிரே நிற்கிற சிற்பத்தை வருணிக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்னு ஆரம்பித்தோம். ஆனால் உட்கார்ந்தால்தான் தெரியுது.

முதலில் வருணனை. முன்மண்டபத்து மேலே, வாசலுக்கு இடதுபக்கம் கடைசியாக நிற்கிற பால்வெட்டு அம்மாவை எடுத்துக்கொண்டோம். தோட்டத்துக் காலத்தில் செய்து வைத்த சுதை உருவம். "அழகு", "தத்ரூபம்" இரண்டு வார்த்தையும் எழுதக்கூடாது என்று ஆசிரியை சொல்லிவிட்டார். ஃபாக்டரிக்காரர்களுக்கு இது பழகின விஷயம். சரக்கில் கீறல் இருந்தால் எந்த மூலை, எத்தனை மில்லிமீட்டர் என்றுதானே எழுதுகிறோம், "மோசமாக இருக்கு" என்று எழுதினால் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் பேச்சு வந்தது. தமிழில் தெய்வத்தைப் பாதத்திலிருந்து தலை வரை பாடுவது மரபு, பாதாதிகேசம் என்பார்கள். மனிதர் என்றால் தலையிலிருந்து பாதம். படிவம் 4 படிக்கிற ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், இந்த அம்மா சாமி வரிசையில நிக்கிறாங்க, ஆனா மரம் வெட்டப் போறவங்க. எங்க இருந்து எழுதுறது?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாதத்திலிருந்தே எழுதச் சொன்னார் ஆசிரியை.

அந்தப் பிள்ளை எழுதியதில் இருந்து சொல்கிறோம். உயரம் இரண்டரை அடி. காலில் செருப்பு இல்லை. சேலையை முழங்காலுக்குக் கீழே வரை தூக்கிச் செருகியிருக்கிறது. இடது கையில் வாளி, உள்ளே நாலு மங்கு ஒன்றுமேல் ஒன்றாக. தலையில் துணிக்கட்டு. சேலை இப்போது பச்சை, உரிந்த இடத்தில் நீலம், நீலத்துக்குக் கீழே காவி. மூன்று சாயம், அப்படியென்றால் குறைந்தது மூன்று முறை பூசியிருக்கிறார்கள். வரிசையில் மற்ற எல்லா உருவமும் வீதியைப் பார்க்குது, இந்த அம்மா மட்டும் கழுத்தைத் திருப்பி உள்ளே சன்னதியைப் பார்க்கிறார். இத்தனை வருஷம் அந்த வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள் நாம், இதை எத்தனை பேர் கவனித்தோம்?

செய்முறை விளக்கம் எழுத ஸ்தபதியிடம் போனோம். இது எங்களுக்கு ரொம்பப் பிடித்த வகை, வேலை தெரியாதவன் படித்தாலும் வரிசை புரியணும். முதலில் செங்கல்லும் கம்பியும் வைத்து எலும்புக்கூடு மாதிரி கட்டுகிறார்கள். மேலே சிமெண்ட் கலவையைப் பரு உருவமாக அப்பி, காயவிட்டு, அடுத்த பூச்சில் கண், மூக்கு, நகை. அந்தக் காலத்தில் சிமெண்ட் கிடையாது, சுண்ணாம்பும் மணலும்தான். கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். அளவு கண்மதிப்பு இல்லை. உத்தம தசதாளம் என்றால் மொத்த உயரத்தை 124 பங்காகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு அங்குலம் என்று வைத்து முகம், மார்பு, கால் எல்லாம் அந்தக் கணக்கில் பிரிப்பார்கள். இரண்டரை அடிச் சிலையானாலும் இருபது அடிச் சிலையானாலும் பங்கு அதேதான். நவதாளத்துக்கு 108. நம்ம பால்வெட்டு அம்மாவை ஸ்தபதி அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். எந்தத் தாளத்திலும் வரவில்லை. செய்தவர் சாஸ்திரம் படித்தவர் இல்லை, எதிரே ஒரு ஆளை நிற்க வைத்துச் செய்திருக்கலாம் என்கிறார்.

ஒப்பீட்டுக் கட்டுரைக்குப் பள்ளி விடுமுறையில் பேருந்து எடுத்தோம். பத்துமலை முருகன் சிலை 140 அடி, 2006இல் திறந்தது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கிற ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 1827இல் தொடங்கியது, 1973இல் தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? "அது பெரிசு, இது சின்னது" என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்கணும் என்றார் ஆசிரியை. நாங்கள் எடுத்த கேள்வி, பார்க்கிறவன் எங்கே நிற்கிறான்? பத்துமலையில் தூரத்து ரோட்டிலிருந்தே தெரியணும், அதனால் ஒரே உருவம், ஒரே தங்க நிறம். சிங்கப்பூரில் வீதிக்கு அந்தப்பக்கம் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். கோபுரத்தில் ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையைவிடக் கொஞ்சம் சின்னது, பொம்மைகளும் மேலே போகப் போகச் சின்னதாகுது, அதனால் இருக்கிற உயரத்தைவிட உயரமாகத் தெரியுது. இது எங்கள் பார்வை, மாற்றி யோசிக்கிறவர்கள் எழுதுங்கள்.

விவாதக் கட்டுரைக்கு 2018இல் பத்துமலையின் 272 படிக்கும் பல வண்ணம் அடித்ததை வைத்துப் பழகினோம். பிடித்தவர்களும் உண்டு, பிடிக்காதவர்களும் உண்டு. விதி ஒன்றுதான். எதிர்க்கட்சி சொன்னதை எழுதும்போது அவரே படித்து "ஆமா, நான் இதைத்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொள்ளணும். இந்த விதி ஆலயப் பொதுக்கூட்டத்துக்கும் வந்தால் நன்றாக இருக்கும், அது வேறு கதை.

பழகினது போதும், இப்போது நிஜமாகவே ஒரு விவாதம் வந்துவிட்டது. பால்வெட்டு அம்மா உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்துவிட்டது. துரு ஊதி சிமெண்டைப் பிளந்துகொண்டு வருது. பத்திரமாக இறக்க முடியாது, உடைத்துத்தான் எடுக்கணும் என்கிறார் ஸ்தபதி. அந்த இடத்தில் என்ன வைப்பது? ஆகமப்படி துவாரசக்தியை வைத்தால் வரிசை ஒழுங்காக வரும், கோயில் இலக்கணமும் அதுதான் என்கிறது ஒரு பக்கம். இந்தக் கோயிலைக் கட்டினது அப்படிப்பட்ட கைகள்தான், திரும்ப அதே உருவத்தைச் செய்யணும் என்கிறது இன்னொரு பக்கம். எங்கள் ஒன்பது பேரிலேயே நாலுக்கு ஐந்து. இரண்டு கட்டுரையும் மலரில் வரும், ஒரே நீளத்தில். நாங்கள் அந்த ஐந்தில் இருக்கிறோம், அதே உருவம் வேணும் என்கிற பக்கம். நிர்வாகம் முடிவு செய்யும்.

செவ்வாய்க்கிழமை சாரம் கட்டுகிறார்கள். அதற்குமுன் இரண்டு உதவி வேணும். வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால் புரட்டிப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, தீமிதி எந்தப் படமாக இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் மண்டபம் தெரிந்தால் புலனத்தில் அனுப்புங்கள். இரண்டாவது, அந்த அம்மாவைச் செய்தவர் யார், யாரைப் பார்த்துச் செய்தார் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நடக்க முடியாதவர்கள் என்றால் சொல்லுங்கள், பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கே வருவார்கள்.

ஞாயிறு காலை 9 மணிக்கு மண்டபத்து முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதப் போகிறோம். யார் வேண்டுமானாலும் வரலாம், பேனா மட்டும் கொண்டுவாருங்கள். பசியாறல் ஆலயத்தில் உண்டு.