அப்பா சைக்கிளுக்கு ஒரு கரண்ட் கனெக்ஷன்!

ட்ரிப்பிள் ஈ மூணாவது வருஷம் படிக்கிற பொண்ணு வீட்டுல இருந்தா, மிக்ஸி ரிப்பேர்ல இருந்து கொலு சீரியல் லைட் வரைக்கும் அவ தலையிலதான் விழும். எனக்கு விழுந்தது சைக்கிள். இருபது லிட்டர் கேன் ரெண்டைத் தொங்கவிட்டுக்கிட்டு, விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பி, 14 கிலோமீட்டர் சுத்தி பால் ஊத்திட்டு வர்ற அப்பாவோட சைக்கிள்.

சேலத்துல ஏற்காடு அடிவாரம் பக்கம் எங்க வீடு. மேடு இல்லாத தெருவே கிடையாது. அப்பாவுக்கு வயசு 56. 'சும்மா சைக்கிள் ஓட்டுங்க, தப்பில்ல. பாரத்தோட மேடு மிதிக்காதீங்க'னு டாக்டர் மூட்டு எக்ஸ்ரேயைக் காட்டிச் சொல்லிட்டார். 'மொபெட் வாங்கலாமே'ன்னு கேட்பீங்க. நாங்களும் கேட்டோம். லைசென்ஸ் இல்ல, பெட்ரோல் கட்டுப்படியாகாதுனு ரெண்டு காரணம் சொன்னார். அந்த சைக்கிள் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினதுங்கிற மூணாவது காரணத்தை அவர் வாய்விட்டுச் சொல்லல.

ஒரு பேப்பர் எடுத்துக் கணக்கு போட்டேன். அப்பா, பால், சைக்கிள், மாட்டப்போற மோட்டார், பேட்டரி எல்லாம் சேர்த்து சுமார் 130 கிலோ. நூறு மீட்டருக்கு மூணு மீட்டர் ஏறுற மேட்டுல பத்து கிலோமீட்டர் வேகத்துல போக, தரை உராய்வும் சேர்த்து 140 வாட் வேணும். சாதாரண மனுஷன் தொடர்ந்து மிதிச்சா 75-லிருந்து 100 வாட் கொடுப்பார். மிச்சத்தைத்தான் அந்த மூட்டு இத்தனை வருஷமா கடன் வாங்கிக் கொடுத்திருக்கு! சக்கரத்து நடுவுல உட்கார்ற 250 வாட் ஹப் மோட்டாருக்கு இது ஜுஜுபி. (ஹப் மோட்டார் ஏதோ நேத்து வந்த டெக்னாலஜினு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல ஆக்டன் போல்ட்டன்ங்கிறவர் 1895-லயே இதுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டார்.)

மோட்டாரை முன் சக்கரத்துல வைக்கறதுனு முடிவு. கேன் பாரம் முழுக்க பின்னாடி. நாப்பது போக்ஸ் கம்பியோட அதைத் தாங்கிக்கிட்டிருக்கிற சக்கரத்தை எதுக்குச் சீண்டணும்? தவிர, பழைய சைக்கிளோட முன் போர்க் இரும்பு. அலுமினிய போர்க்கா இருந்தா நான் கிட்டயே போயிருக்க மாட்டேன்.

இனிமேதான் தமாஷ். வீடியோவுல எல்லாம் கியர் சைக்கிள்ல அரை மணி நேரத்துல மாட்டிடுறாங்க. நம்ம ஊரு பால்கார சைக்கிளுக்கு எதுவுமே பொருந்தாது. ஹப்புல 36 ஓட்டை, எங்க முன் ரிம்முல 32. தெருமுனை சைக்கிள் கடை அண்ணன் 36 ஓட்டை ரிம் தேடிக் கொண்டு வர மூணு வாரம். ஹப் குண்டா இருக்கிறதால கம்பியை எல்லாம் சின்னதாக்கி, சக்கரம் கட்டி, ஒரு சாயங்காலம் முழுக்கக் கோட்டம் எடுத்தார். எங்க காலேஜ் லேப்ல அந்தப் பொறுமையை நான் பார்த்ததில்ல. மோட்டார் அச்சு தடிமன் வேற. போர்க் வாயை விரிச்சு, அரம் போட்டுத் தேய்ச்சோம். கரண்ட் வந்ததும் அச்சு தானே சுத்தி போர்க்கைப் பிளந்துட்டு வெளிய வராம இருக்க, ஒரு பழைய ஸ்பேனரை வெட்டி அச்சையும் போர்க்கையும் சேர்த்துக் கவ்வ விட்டோம். 'டார்க் ஆர்ம்'னு கடையில கேட்டா கொடுப்பாங்க. இது இல்லாம தயவுசெஞ்சு ஓட்டாதீங்க.

பிரேக் பிடிச்சா மோட்டார் நிக்கணும். கிட்ல வந்த லீவர் ஒயர் பிரேக்குக்கானது, நம்மளோடது ராடு பிரேக். ராடுல ஒரு குட்டி காந்தம், ஹேண்டில்பார்ல ஒரு ரீட் சுவிட்ச்னு வேலையை முடிச்சேன். அப்புறம் வேகம். 26 இன்ச் சக்கரத்துல 25 கிலோமீட்டர் போற மோட்டார், நம்ம 28-ல 27-ஐத் தொடும். டிஸ்பிளேயில சக்கர அளவை மாத்தி 25-க்குள்ள அடக்கி வெச்சேன். அரை மணி நேர சக்தி 250 வாட்டுக்குக் கீழ, வேகம் 25-க்குக் கீழ இருந்தா அது மோட்டார் வாகனம் இல்லைனு மத்திய மோட்டார் வாகன விதி சொல்லுது. ஆனா அதுக்குச் சோதனை நிறுவனத்தோட சான்றும் வேணும்னு அதே விதி சொல்லுது. வீட்டுல மாட்டுற கிட், அந்தச் சான்றைக் கேட்டா முழிக்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், நான் சொல்லிட்டேன்.

எல்லாத்தையும் விடப் பெரிய ஸ்பீட் பிரேக்கர் அம்மா. 2022 மார்ச்ல வேலூர்ல, வீட்டுல சார்ஜ் போட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பிடிச்சு, புகையில ஒரு அப்பாவும் மகளும் செத்துப்போனாங்க. "அப்பாவும் மகளும்"ங்கிற அந்த ரெண்டு வார்த்தையை அம்மா மறக்கவே இல்ல. என்கிட்ட வாதாட ஒண்ணும் இல்ல, ஏன்னா அந்த பயம் நியாயமானது. அதனால எடை கூடினாலும் பரவாயில்லைனு, சூட்டைக் கூடுதலாத் தாங்குற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லுக்குப் போனேன். 12 செல் தொடர், ரெண்டு வரிசை; 38.4 வோல்ட், 12 ஆம்பியர் அவர். ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கிற பிஎம்எஸ். அதுக்குன்னே உள்ள 43.8 வோல்ட் சார்ஜர். வேற பேட்டரி சார்ஜரை 'ஏறக்குறைய அதே வோல்ட்தானே'னு சொருகக் கூடாது. ராத்திரி சார்ஜ் கிடையாது, வீட்டுக்குள்ள கிடையாது. அப்பா ஏழரைக்கு வந்து, பேட்டரி ஆறினப்புறம் திண்ணையில, அம்மா கண் பார்வையில. அஞ்சு நாளைக்கு ஒரு யூனிட் ஆகுது, அவ்வளவுதான்.

மொத்தம் இருபதாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. அப்பா என்ன பண்ணார் தெரியுமா? முதல் வாரம் சுவிட்ச்சையே போடல! "கால் இருக்கையில எனக்கு எதுக்கு கண்ணு கரண்ட்டு?" நல்லவேளை, உள்ளயே ப்ரீவீல் உள்ள மோட்டார், இழுவை இல்ல. எட்டாம் நாள் மழை. அன்னைக்குப் போட்டிருக்கார். வீட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லல, டிஸ்பிளேயில ஒரு கோடு குறைஞ்சிருந்ததை வெச்சு நானே கண்டுபிடிச்சேன்.

மிதிச்சா தானா உதவுற சென்சார் அவருக்கு ஒத்துவரல. 38 வீட்டுல நின்னு நின்னு கிளம்புறவருக்கு அந்த முதல் மிதிதான் வலி. சென்சார் முழிச்சுக்கிறதுக்குள்ள வலி வந்துடுது. கட்டைவிரல்ல அழுத்துற ஆக்ஸிலேட்டர் மாட்டினப்புறம் சரியாச்சு. வாடிக்கை வீட்டுத் தெரு வந்தா மட்டும் ஆஃப் பண்ணிடறார், பார்க்கிறவங்க ஏதாவது சொல்லுவாங்களாம். ஆனா நாலாவது தெரு பாட்டி விடல. "ஏம்ப்பா, முந்தியெல்லாம் மூச்சு வாங்க வருவே. இப்ப பாலு கனம் குறைஞ்சுபோச்சா?"

அப்பா பெல் அடிச்சுட்டு வந்துட்டாராம்.

இப்ப புதுப் புகார், கேனோட ஸ்டாண்டு போடும்போது இடது மூட்டு சுருக்குங்குது. அதுக்கு மோட்டார் மாட்ட முடியாது. கனமான சைடு ஸ்டாண்டு ஏதாவது வெல்டிங் வெச்சுத் தர முடியுமான்னு சைக்கிள் கடை அண்ணன்கிட்ட கேட்டிருக்கேன்.