மரத்தால் செய்த மைல்ஸ் ஜெமினி

நாங்கள் வாசிச்ச பழைய விமானக் கதைகள் பெரும்பாலும் குண்டுவீச்சு விமானங்களைப் பற்றியவை. மைல்ஸ் ஜெமினியின் கதை வேற.

இங்கிலாந்தின் ரெடிங் நகருக்குப் பக்கத்தில வூட்லி. அங்கயிருந்த மைல்ஸ் தொழிற்சாலை போர்க்காலத்தில் விமானிகளுக்கான பயிற்சி விமானங்களைக் கட்டியது. போர் முடிஞ்ச கையோட, 1945 ஒக்டோபரில், ஜெமினியைப் பறக்கவிட்டது. நாலு பேர் இருக்கலாம். 100 குதிரைவலு இயந்திரங்கள் ரெண்டு. உடலெல்லாம் மரமும் ஒட்டுப்பலகையும். குண்டு இல்லை, துவக்கு இல்லை, பயணம் மட்டும்தான்.

ஏறத்தாழ 170 ஜெமினிகள் கட்டப்பட்டன. வாங்க ஆளில்லாமல் அது நிக்கேல்ல. 1947இன் கடுங்குளிரும் நிலக்கரித் தட்டுப்பாடும் பிரித்தானியத் தொழிற்சாலைகளை முடக்கின. ஒரே நேரத்தில் பல திட்டங்களில் காசைப் போட்டிருந்த மைல்ஸ், அந்த வருசமே வங்குரோத்தாகியது. விமானப் பகுதி ஹான்ட்லி பேஜ் நிறுவனத்தின் கைக்குப் போனது.

போரைத் தாங்கின தொழிற்சாலை, சமாதானம் வந்து மூண்டு வருசம் தாக்குப்பிடிக்கேல்ல. போர் முடிஞ்சா எல்லாம் தானாச் சரிவரும் எண்டு நாங்களும் நினைச்சதுண்டு. சமாதானத்துக்கும் நிலக்கரி வேணும், காசு வேணும். ஆனாலும் துவக்குச் சத்தம் அடங்கின உடன, நாலு பேர் எங்கயாவது போய்வரட்டும் எண்டு யோசிச்ச அந்த மனம் எங்களுக்குப் பிடிச்சிருக்கு.