கங்காரு வாலில் ஒரு முப்புரிக் கயிறு

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதம் கொலாஜன். அதன் வடிவத்தை 1954-55-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன், உடன் உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. ஆராயக் கிடைத்ததோ, கங்காரு வாலின் தசைநாண்! மூன்று அமினோ அமிலச் சங்கிலிகள் கயிறுபோல முறுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்றுக்கு ஓரிடத்தில் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே சின்னது அதுதான். நடு இடுக்கில் வேறெதுவும் நுழையாது.

‘அணுக்கள் இவ்வளவு நெருங்கி நிற்குமா?’ என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் மடக்கினார்கள். வலிக்காமலா இருந்திருக்கும்? எவ்வளவு நெருங்கலாம் என்றே கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார், சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோரோடு. சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் இடிக்கும் என்று காட்டும் வரைபடம் 1963-ல் வெளியானது. நோபல் பரிசு வரவில்லை. ஆனால், புதிய புரத வடிவம் எதுவானாலும், சரிதானா என்று இன்றும் ‘ராமச்சந்திரன் வரைபட’த்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.