ஒரு ரூபாய் முடிச்சு

இந்த வாரம் ஒரு கிளிப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். பெண்களின் காலுறை கீழே நழுவாமல் பிடித்துக்கொள்கிற கிளிப். முகம் சுளிக்க வேண்டாம். வேறு எதையோ எதிர்பார்த்து நிமிர்ந்து உட்காரவும் வேண்டாம். சமாச்சாரம் என் அம்மாவின் முழங்காலில் ஆரம்பிக்கிறது.

அம்மா ரிட்டயர்டு டீச்சர். 34 வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர். வகுப்பில் நாற்காலி இருந்தது. ஆனால் டீச்சர் உட்கார்ந்தால் பையன்கள் படுத்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி. நின்றதற்கான பில் ஓய்வு பெற்றபிறகு வந்து சேர்ந்தது. கெண்டைக்கால் பூராவும் முறுக்குப் பிழிந்த மாதிரி நீலநீலமாக நரம்பு. பாட்டி காலத்தில் நரம்புச் சுருட்டல் என்பார்கள். டாக்டரம்மா வெரிகோஸ் வெயின் என்றார்.

தொடை வரைக்கும் வருகிற இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னார். கணுக்காலில் அழுத்தம் அதிகம், மேலே போகப் போகக் குறைச்சல். பேஸ்ட் ட்யூபை அடியிலிருந்து பிதுக்குகிற மாதிரி ரத்தத்தை மேலே தள்ளிவிடும். காலையில் படுக்கையை விட்டு எழுந்திருப்பதற்கு முன்னால் மாட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார். வாங்கிக் கொடுத்தேன். கடமை முடிந்தது என்று தேர்தல் வேலையில் மூழ்கிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அம்மா கால் கழுவிக்கொண்டிருந்தார். தற்செயலாகப் பார்த்தேன். முழங்காலுக்கு மேலே, வளையல் போட்ட மாதிரி சிவப்பாக ஒரு தடம். விரலால் தடவினால் பள்ளம் தெரிகிறது.

“என்னம்மா இது?”

“அது நிக்கமாட்டேங்குதுடா. சுருண்டு சுருண்டு இறங்கிடுது. அதான் ரப்பர் பேண்ட் போட்டுக்கறேன்.”

ஒன்றல்ல. காலுக்கு இரண்டு. பார்சல் கட்டிவரும் தடிமனான ரப்பர் பேண்ட்.

ஸ்டாக்கிங்ஸின் மேல் விளிம்பில் சிலிக்கான் புள்ளிகள் வைத்திருப்பார்கள், தோலைக் கவ்விக்கொள்ள. சென்னை வியர்வையில் அது வழுக்கியது. வழுக்காத நேரத்தில் அரித்தது.

“ஏன் சொல்லலை?”

“நீ எலெக்‌ஷன் எலெக்‌ஷன்னு ஓடிட்டிருந்தே. இதைப் போய் உன்கிட்ட சொல்லணுமா?”

டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். “நான் கீழேருந்து ரத்தத்தை மேல தள்ளச் சொல்றேன். அவங்க மேல ஒரு அணை கட்டி வச்சிருக்காங்க. இதுக்கு நீங்க அதைப் போடாமலே இருந்திருக்கலாம்.” தினம் நாலு ஊர் பிரச்னையை எழுதுகிறவனுக்கு அடுத்த அறையில் இருந்த ரப்பர் பேண்ட் தெரியவில்லை.

குற்ற உணர்ச்சி வந்தால் மனிதன் கடைக்குத்தான் போவான். நானும் ரங்கநாதன் தெருவுக்குப் போனேன். குழந்தைகள் நிஜாருக்கு மாட்டுகிற சஸ்பெண்டர் பட்டை கிடைத்தது. நுனியில் பல் வைத்த இரும்புக் கிளிப். பட்டையை அம்மாவின் இடுப்போடு கட்டி, கிளிப்பை ஸ்டாக்கிங்ஸில் கடிக்கவிட்டேன். பிரமாதமாகக் கடித்தது. மத்தியானத்துக்குள் நாலு இடத்தில் ஓட்டை. சாயங்காலம் அதிலிருந்து ஒரு கிழிசல் கணுக்காலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மூவாயிரம் ரூபாய் சமாச்சாரம். நான் பி.காம்., இல்லையா? நஷ்டம் எழுதிக்கொண்டேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். குளிர் தேசத்துக்காரன் நூற்றுக்கணக்கான வருஷமாகக் காலுறை போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் கால் மட்டும் என்ன, வழுக்காதா? எப்படிச் சமாளித்தான்? தேட ஆரம்பித்தேன். நம்பினால் நம்புங்கள், பெரிய பெரிய ஆட்களெல்லாம் இந்த விஷயத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் வெறும் நாடாதான். காலுறையை முழங்கால் வரை இழுத்து, சுற்றி ஒரு ரிப்பனைக் கட்டு. அதற்குப் பெயர் கார்ட்டர். ஆண்கள்தான் பகட்டாகக் கட்டிக்கொண்டு வெளியே தெரியும்படி திரிந்தார்கள். இங்கிலாந்து ராஜா மூன்றாம் எட்வர்ட் 1348 வாக்கில் தன் வீரர்களுக்கு உருவாக்கிய மிக உயர்ந்த விருதின் பெயரே கார்ட்டர் விருது. நடனத்தில் ஒரு சீமாட்டியின் கார்ட்டர் அவிழ்ந்து விழுந்து, மற்றவர்கள் சிரிக்க, ராஜா அதை எடுத்துத் தன் காலில் கட்டிக்கொண்டார் என்று ஒரு கதை. கதை எப்படியோ, விருது இன்றைக்கும் இருக்கிறது. சின்னம், இடது காலில் கட்டும் ஒரு நீலப் பட்டை. ஆக, அவிழ்ந்து விழுவதுதான் அந்தக் காலத்து முதல் பிரச்னை.

இரண்டாவது பிரச்னை, அவிழக்கூடாது என்று இறுக்கினால் வருவது. ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகம் 1602 பிப்ரவரியில் லண்டனில் சட்டம் படிக்கிறவர்களின் மண்டபம் ஒன்றில் நடந்திருக்கிறது. அதில் மால்வோலியோ என்று ஒரு வீட்டு நிர்வாகி. எஜமானியம்மாவை மயக்குவதாக நினைத்துக்கொண்டு மஞ்சள் காலுறை போட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கார்ட்டர் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். கட்டு இறுக்கி ரத்த ஓட்டம் தடைபடுகிறதென்று நடுவில் முனகவும் செய்வார். எங்கள் டாக்டரம்மா சொன்னதை அந்த ஆள் நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார்.

அதற்கு 13 வருஷம் முன்பு, 1589-ல், வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னுகிற இயந்திரத்தையே கண்டுபிடித்துவிட்டார். பின்னுவது சுலபமாகிவிட்டது. நிற்க வைப்பதுதான் ஆகவில்லை.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு முன்னேற்றம். மெல்லிய பித்தளைக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி, அதைப் பட்டுத் துணிக்குள் வரிசையாக வைத்துத் தைத்தார்கள். காலோடு சேர்ந்து விரியும், சுருங்கும். ரப்பர் வருவதற்கு முன்னால் எலாஸ்டிக்!

1820-ல் லண்டனில் தாமஸ் ஹான்காக் ரப்பரை மெல்லிய பட்டைகளாக வெட்டி கையுறை, காலுறை, கார்ட்டரில் வைக்க காப்புரிமை வாங்கினார். ஆனால் அந்தக் கால ரப்பர் குளிரில் விறைக்கும், வெயிலில் பிசுபிசுக்கும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் கோளாறு போய்விடுகிறது என்று கண்டுபிடித்தார். அதன்பிறகுதான் எலாஸ்டிக் உருப்படியானது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கோ ரப்பரோ, எல்லாமே காலைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிற வித்தைதான். என் அம்மாவின் ரப்பர் பேண்டும் அதே கட்சி.

புத்தி மாறியது 1870-களில். காலைச் சுற்றிக் கட்டுவதை விட்டுவிட்டு, இடுப்பிலிருந்து பட்டையைத் தொங்கவிட்டுக் காலுறையை மேலிருந்து பிடித்தார்கள். டாக்டர்கள் வட்டமாகக் கட்டும் கார்ட்டரைத் திட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1881-ல் லண்டனில் பெண்களின் உடைச் சீர்திருத்தத்துக்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். உள்ளாடைகளின் மொத்த எடை ஏழு பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அதாவது மூன்று கிலோ சொச்சம். கோரிக்கையே மூன்று கிலோ என்றால் அதுவரை சுமந்தது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மார்க் ட்வைன்கூட இந்த வகையில் ஒரு கை பார்த்திருக்கிறார். ஆமாம், அந்த எழுத்தாளர்தான். உடைகளைத் தேவைக்கேற்ப இறுக்க, தளர்த்த, கழற்றி மாட்ட ஓர் எலாஸ்டிக் பட்டை. 1871 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமை, எண் 121,992. ஆனால் பின்னால் கண்டுபிடித்த, தானாக ஒட்டும் ஸ்கிராப் புத்தகம்தான் அவருக்குக் காசு கொடுத்தது. எழுதுகிறவர்கள் காகிதத்தை விட்டு வெளியே போனால் லாபமில்லை போலிருக்கிறது.

பட்டை சரி. நுனியில் துணியை எதைக்கொண்டு பிடிப்பது? இங்கேதான் அவர்களும் ரங்கநாதன் தெரு வேலையைச் செய்தார்கள். பல் வைத்த கிளிப். கடித்தது, கிழித்தது. பட்டுக் காலுறையில் ஒரு இழை அறுந்தால் போதும், மேலிருந்து கீழ்வரை ஏணி மாதிரி பிரிந்துகொண்டே போகும்.

கடைசியில் ஜெயித்த கிளிப்பில் பல்லே கிடையாது. ஒரு பொத்தான், ஒரு கம்பி வளையம், அவ்வளவுதான். வளையம் சாவித் துவாரம் மாதிரி இருக்கும். மேலே அகலம், கீழே குறுகல். காலுறையின் விளிம்புக்கு உள்பக்கம் பொத்தானை வைத்து, துணியோடு சேர்த்து அகலமான இடத்தில் நுழைத்துக் கீழே தள்ளவேண்டும். காலுறை கீழே இழுக்க இழுக்கப் பொத்தான் குறுகலான இடத்துக்குப் போய் இன்னும் இறுகும். எது அவிழ்க்கப் பார்க்கிறதோ அதுவே பூட்டுகிறது! பாஸ்டன் நகரத்து ஜார்ஜ் ஃப்ராஸ்ட் கம்பெனி அந்தப் பொத்தானையும் ரப்பரில் செய்து ‘வெல்வெட் கிரிப்’ என்று பெயர் வைத்தது. ரப்பர் வழுக்காது, இழையை அறுக்காது. 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளில் அதன் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும்.

1940 மே 15-ல் அமெரிக்கா முழுக்க நைலான் காலுறை விற்பனைக்கு வந்தது. கடைகளில் கூட்டம் அம்மியது. அப்புறம் யுத்தம். நைலான் பாராசூட்டுக்குப் போய்விட்டது. 1942-ல் மலாயா ஜப்பான் கையில் விழுந்தது. நம் ஆட்கள் பால்மரம் சீவிய தோட்டங்களிலிருந்து மேற்கே ரப்பர் போவது நின்றது. லண்டனில் கிளிப்பின் ரப்பர் பொத்தான் தொலைந்தால் வேறு வாங்க வழியில்லை. பெண்கள் என்ன செய்தார்கள்? சட்டைப் பொத்தானையோ சில்லறைக் காசையோ துணிக்கு உள்ளே வைத்து வளையத்தை மாட்டினார்கள். ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து ஒப்பேற்றியவர்களும் உண்டு.

1959-ல் அமெரிக்காவின் க்ளென் ரேவன் ஆலைக்காரர்கள் காலுறையையும் உள்ளாடையையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னிவிட்டார்கள். அடுத்து மினி ஸ்கர்ட் வந்தது. கிளிப்பின் ஆட்டம் முடிந்தது. அதனால்தான் எனக்குக் கடையில் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை காபியோடு இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். ராஜா கதைக்குச் சிரித்தார். ஏழு பவுண்டுக்கு “பாவம்” என்றார். காசு வைத்த கதைக்கு மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார்.

“இதுக்கா ராத்திரி பூரா உட்கார்ந்தே? இது முந்தானை முடிச்சுடா.”

எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும். எங்கள் பாட்டி முந்தானை நுனியில் காசை வைத்து முடிந்துகொண்டுதான் சந்தைக்குப் போவார். காசைப் பத்திரப்படுத்தத்தான் முடிச்சு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். முடிச்சு உருவாமல் காசும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அம்மா எழுந்து போனார். உள்பாவாடை நாடாவில் நாலு துண்டு வெட்டினார். புது ஸ்டாக்கிங்ஸின் விளிம்புக்குள் ஒரு ரூபாய்க் காசை வைத்து, வெளியே துணியோடு சேர்த்து நாடாவால் சுற்றி முடிந்தார். காலுக்கு முன்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. நாடாவின் மறுநுனி இடுப்பில். எழுந்து சமையலறை வரை நடந்தார். திரும்பி வந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். நழுவவில்லை.

டாக்டரம்மாவிடம் போனோம். அவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இடுப்புப் பட்டையோடு சேர்ந்த ஸ்டாக்கிங்ஸே விற்கிறதாம். “நழுவுதுன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதையே எழுதிக் கொடுத்திருப்பேனேம்மா” என்றார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. நானும் அம்மாவைப் பார்க்கவில்லை.

அந்தப் பட்டை வைத்ததையும் வாங்கிக் கொடுத்தேன். அது பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அம்மா நாலு ரூபாய் முடிச்சில்தான் நடக்கிறார்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் நான் கிளம்புகிற நேரத்தில் கூப்பிட்டார். தேர்தல் முடிந்திருந்தது, அடுத்த அமளிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். புடவையை முழங்கால் வரை நகர்த்தி, “பாரு” என்றார்.

குனிந்து பார்த்தேன். விரலால் தடவியும் பார்த்தேன். சிவப்புத் தடம் போயிருந்தது.

“சொல்லலைன்னு சொல்லக்கூடாது பாரு” என்றார்.